கைமோசம்

நீதிமன்றச் செய்திகளை விடாது வாசிப்போர் ஒரு சொற்றொடரை அடிக்கடி கண்டிருப்பர். ‘கொலையாகாத கைமோசக் கொலை’ என்பதே அது. கொலை என்றும் சொல்கிறார்கள், கொலையாகாதது என்றும் சொல்கிறார்கள். இஃது என்ன விந்தை என்று எண்ணி மேலே வாசிக்காமல் விட்டோரும் உளர். அத்தொடரின் பொருள் யாது, அதனுள் அடங்கிய நியாயம் யாது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமையின் ஓய்வுநேரத்தில் ஆராய்ந்து பார்ப்பது நம் அனைவர்க்கும் பயன் தருவதாகும். ஏனெனில், கொலை செய்து நீதிமன்றக் கூண்டிலே நிற்போர் அனைவரும் கொள்ளைக்காரர் அல்லர். அவர்களுட் பலர், அந்த ஒரு கணத்துக்கு முன்னர்வரை நம்மைப் போலவே சந்தைக்குச் சென்று, கோயிலுக்குச் சென்று, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி வாழ்ந்தவர்கள்.

கைமோசம் என்னும் சொல் கை தவறி நேர்ந்த பிழையைக் குறிப்பது. பானை கைநழுவி வீழ்ந்து உடைந்தால் அது கைமோசம். ஆனால் சட்டம் இச்சொல்லால் சுட்டும் செயல்களுட் பல அத்தகையன அல்ல. ஓங்கிய கை குறி தவறவில்லை. கொல்ல வேண்டும் என்ற எண்ணமும் அக்கணத்தில் இருந்தது. தவறியது கையன்று, மனமே. அங்ஙனமாயின் மனம் தவறிச் செய்த கொலைக்கும், மனம் அறிந்து செய்த கொலைக்கும் சட்டம் வேற்றுமை காண்பது எதனால்? வேற்றுமை காண்பது சரிதானா?

முதலிற் சட்டத்தைக் காண்போம். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை மாதிரியாகக் கொண்டு அஃது ஆக்கப்பட்டது. அதன் 294ஆம் பிரிவு கொலை என்றால் என்ன என்பதை வரையறுத்துவிட்டு, உடனேயே சில விதிவிலக்குகளையும் கூறுகின்றது. அவற்றுள் முதலாவது, பாரதூரமானதும் சடுதியானதுமான ஆத்திரமூட்டலினால் ஒருவன் தன்னைக் கட்டுப்படுத்தும் ஆற்றலை இழந்த நிலையில், ஆத்திரமூட்டியவனைக் கொன்றுவிட்டால், அது கொலையன்று என்பதாகும். அப்போது அது கைமோசக் கொலை ஆகிறது.

இந்த வேற்றுமை பெயரளவில் நின்றுவிடுவதன்று. கொலைக்கு விதிக்கப்படும் தண்டனை மரணம். 1976ஆம் ஆண்டுக்குப் பின்னர் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லையாயினும், நீதிபதிகள் இன்றும் அத்தண்டனையை விதிக்கவே செய்கின்றனர். விதிக்கப்பட்டோர் சிறையிலே காலங்கழிக்கின்றனர். கைமோசக் கொலைக்கோ 297ஆம் பிரிவின்படி கூடியது 20 ஆண்டுச் சிறை. கொல்லும் கருத்தின்றி, விளைவை அறிந்து மாத்திரம் செய்யப்பட்டதாயின் கூடியது 10 ஆண்டு. இதனால் ஒரு மனிதன் என்றேனும் தன் பிள்ளைகளின் முகத்தை வீட்டு முற்றத்திலே காண்பானா, மாட்டானா என்பதே இவ்விரு சொற்களுக்கிடையே தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்கலாம். நமது அக்கராயன்குளத்து நீர் பாயும் வயல்வெளியில் இரண்டு கமக்காரர்களை எண்ணிக்கொள்வோம். இது வெறுங் கற்பனையே, எவரையும் சுட்டுவதன்று. சிறுபோக காலம்; குளத்தில் நீர் குறைவு. ஒருவனுடைய முறைக்குரிய நீரை மற்றவன் இரவோடு இரவாக மடையை மறித்துத் தன் வயலுக்குத் திருப்பிவிட்டான். விடிந்ததும் கேட்கப் போனவனை, நாலுபேர் முன்னிலையில், அவன் தாயின் ஒழுக்கத்தைப் பழித்துப் பேசி, முகத்திலும் அறைந்தான். அறையுண்டவன் கையில் மண்வெட்டி இருந்தது. ஓங்கி ஒரே அடி. அடியுண்டவன் வரம்பிலே வீழ்ந்து மாண்டான்.

அதே கதையைச் சிறிது மாற்றுவோம். அறையுண்டவன் ஒன்றும் பேசாது வீடு திரும்பினான். மத்தியானம் உண்டான். திண்ணையிலிருந்து கத்தியைத் தீட்டினான். பொழுது சாய்ந்து, மற்றவன் தனியே வரும் வழியில் மரத்தடியிற் காத்திருந்து வெட்டினான். பட்ட அவமானம் இரண்டு கதையிலும் ஒன்றே. மாண்ட உயிரும் ஒன்றே. எனினும் முதலாவது கதையில் விதிவிலக்குக்கு இடமுண்டு, இரண்டாவதில் இல்லை. இடையிலே கழிந்த பகற்பொழுது ஆத்திரத்தைப் பகையாக மாற்றிவிட்டது என்று சட்டம் கருதுகிறது.

இவ்விதிவிலக்குக்குச் சட்டம் வேலியும் இட்டுள்ளது. தானே வலியச் சென்று சண்டையை மூட்டி, அதனைச் சாட்டாகக் கொண்டு கொன்றவனுக்கு இச்சலுகை கிடையாது. சட்டப்படி கடமையைச் செய்த அரசாங்க உத்தியோகத்தர்மீது ஆத்திரங் கொண்டவனுக்கும் கிடையாது. தன் உயிரைக் காக்க உரிமையோடு கை ஓங்கியவன்மீது ஆத்திரங் கொண்டவனுக்கும் கிடையாது. மேலும், ஆத்திரமூட்டல் போதிய அளவு பாரதூரமானதா, சடுதியானதா என்பது ஒவ்வொரு வழக்கின் சம்பவங்களையும் வைத்தே தீர்மானிக்கப்பட வேண்டியது என்று கோவையே கூறிவிடுகிறது.

கோபத்தை ஆன்றோர் அனைவரும் குற்றமென்றே கூறியிருக்க, சட்டம் மாத்திரம் அதற்கு இரங்குவது ஏன்? திருவள்ளுவர் வெகுளாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தாரன்றோ? இந்தியத் தண்டனைச் சட்டத்தின் முதல் வரைவை 1837ஆம் ஆண்டில் தயாரித்த மெக்காலே பிரபுவும் அவருடன் பணியாற்றியோரும் இவ்வினாவுக்கு விடை எழுதி வைத்துள்ளனர். சடுதியான ஆவேசத்திற் செய்த கொலையும் தண்டிக்கப்படவேண்டியதே. தண்டியாது விட்டால் மனிதர் தம் சினத்தை அடக்கப் பழகமாட்டார்கள். ஆயினும் அதனைக் கொலைக்குச் சமமாகத் தண்டிப்பது மனித இயல்பை மறந்த செயலாகும் என்பதே அவர்கள் கருத்து. கொடிய சொல்லும், இழிவான சைகையும், உடம்பிற் பட்ட காயத்தைப் போலவே மனிதனை வெறிகொள்ளச் செய்யும் என்பதையும் அவர்கள் அன்றே ஒப்புக்கொண்டார்கள். ஆகவே சட்டம் கோபத்தை மன்னிக்கவில்லை. மனிதனின் பலவீனத்தை அளந்து தண்டனையைக் குறைக்கிறது. இவ்விரண்டும் வெவ்வேறு.

கொல்லவேண்டும் என்ற எண்ணம் இருந்தாற்கூட இவ்விதிவிலக்குப் பொருந்துமா என்ற வினா நமது நாட்டிலிருந்தே இலண்டன் மாநகரின் கோமறைக் கழகம்வரை சென்றது. 1953ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் அத்தீர்ப்பு உள்ளது. எண்ணம் இருந்தாலும், அவ்வெண்ணம் ஆத்திரமூட்டலால் திடீரென எழுந்த ஆவேசத்திற் பிறந்ததாயின், விதிவிலக்குப் பொருந்தும் என்று அங்கே தீர்க்கப்பட்டது. இலங்கையின் சட்ட வரலாற்றிலிருந்து உலகின் வேறு நாடுகளும் எடுத்தாண்ட தீர்ப்புகளுள் இதுவும் ஒன்று.

அடுத்து, எவரை அளவுகோலாகக் கொள்வது? ஒருவன் இயல்பாகவே முன்கோபி. தும்மினாலும் சண்டைக்கு வருவான். அவனுக்குச் சலுகை அளித்தால் பொறுமையுள்ளவன் ஏமாளி ஆவான். எனவே, சாதாரண நியாயபுத்தியுள்ள ஒரு மனிதன் அந்நிலையில் தன்னை இழந்திருப்பானா என்றே நீதிமன்றம் வினவும். அச்சாதாரண மனிதன் யார்? இதற்கு விடை கூறிய புகழ்பெற்ற வழக்கு பம்பாயில் நிகழ்ந்த நானாவதி வழக்காகும்.

1959ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள். இந்தியக் கடற்படையில் உயர் அதிகாரியாயிருந்த நானாவதி என்பவரிடம் அவருடைய மனைவி, பிரேம் அகுஜா என்பவருடன் தமக்கிருந்த உறவை ஒப்புக்கொண்டார். நானாவதி மனைவியையும் பிள்ளைகளையும் ஒரு படமாளிகையில் இறக்கிவிட்டார். கப்பலுக்குச் சென்றார். பொய்க் காரணம் கூறி ஒரு சுழல் துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் பெற்றார். அகுஜாவின் காரியாலயத்துக்குச் சென்று, அங்கே அவர் இல்லையென அறிந்து, வீட்டுக்குச் சென்றார். மூன்று வேட்டுகள் தீர்ந்தன; அகுஜா மாண்டார். ஜூரிமார் எட்டுப்பேர் குற்றவாளியல்லர் என்றும் ஒருவர் குற்றவாளி என்றும் கூறினர். செஷன்ஸ் நீதிபதி அம்முடிவை ஏற்காது உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே கொலைக் குற்றம் உறுதியாயிற்று. 1961ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

குற்றஞ்சாட்டப்பட்டவர் எச்சமுதாயத்தைச் சேர்ந்தவரோ, அச்சமுதாயத்தைச் சேர்ந்த ஒரு நியாயபுத்தியுள்ள மனிதனே அளவுகோல் என்று அத்தீர்ப்பு கூறிற்று. வன்னியிற் கமஞ்செய்பவனை அளக்க இலண்டன் கனவானைக் கொண்டுவர வேண்டியதில்லை என்பது இதன் பொருள். சொல்லும் சைகையும் ஆத்திரமூட்டலாக அமையக்கூடும் என்றும் கூறிற்று. ஆனால், நானாவதி வீட்டைவிட்டுப் புறப்பட்டது பிற்பகல் ஏறத்தாழ 1.30 மணிக்கு, வேட்டுத் தீர்ந்தது 4.20 மணிக்கு. இடையிற் கழிந்த ஏறத்தாழ மூன்று மணிநேரம் மனத்தை மீட்டுக்கொள்ளப் போதுமானது. அதனுள் அவர் செய்த காரியங்கள் யாவும் நிதானமுள்ள மனிதனின் காரியங்கள் என்று நீதியரசர்கள் கண்டனர். பின்னர் 1964ஆம் ஆண்டில் மகாராஷ்டிர ஆளுநர் விஜயலட்சுமி பண்டிட் அவருக்கு மன்னிப்பு வழங்கினார் என்பது வேறு கதை.

இதுவரை கூறியவற்றை வாசித்த அன்பர்கள், சட்டம் நியாயமாகவே இருக்கின்றதே என்று எண்ணியிருக்கக் கூடும். நானும் நானாவதி வழக்கின் தீர்ப்பைச் சரியென்றே கருதுகிறேன். ஆனால், ‘சடுதி’ என்னும் அச்சிறு சொல்லைச் சிறிது உற்று நோக்குவோம். அச்சொல் யாருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை?

அடிபட்ட உடனே திருப்பி அடிக்க வல்லவன் யார்? உடல் வலிமை உடையவன். கையில் மண்வெட்டியோ கத்தியோ கொண்டு திரிபவன். அடித்த பின்னரும் தான் மாளமாட்டேன் என்ற துணிவுள்ளவன். சுருங்கக் கூறின், ஓர் ஆண்மகன். ஒரு பெண், அதுவும் குடிகாரக் கணவனிடம் இரவுதோறும் அடிவாங்கும் பெண், அடிபடும் வேளையிலே திருப்பி அடித்தால் என்ன நிகழும்? அவளே மாள்வாள். ஆகவே அவள் பொறுக்கிறாள். பொறுக்கிறாள் என்றால் மறக்கிறாள் என்பதன்று. ஆண்டுகள் பல அவளுள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுமை ஏறுகின்றது. இறுதியில் ஒருநாள், வழக்கமான வசைச்சொல் ஒன்று போதும். மனத்தின் கட்டுகள் அறுந்துவிடுகின்றன. அவள் நீதிமன்றத்திலே நின்று, அன்று என்ன நடந்தது என்று கேட்கப்படும்போது, கூறுவதற்கு அவளிடம் அந்தச் சின்னஞ்சிறு வசைச்சொல்லே இருக்கும். அது பாரதூரமானதன்று. பாரதூரமானவை யாவும் முன்னமே நடந்துவிட்டன. அவை சடுதியானவை அல்ல. இவ்வாறு இரண்டு சொற்களுக்கும் நடுவே அவள் வீழ்ந்துவிடுகிறாள்.

இந்த இக்கட்டை நமது முன்னோர் அறியாதவர்கள் அல்லர். நல்லதங்காள் கதையைக் கேளாத தமிழ்க் குடும்பம் உண்டோ? பஞ்சத்தால் வாடி, ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீடு நாடிச் சென்ற தங்கை, அண்ணன் மனைவியாகிய மூளி அலங்காரியால் அவமதிக்கப்பட்டு, பசியோடு வெளியேறி, பிள்ளைகளைப் பாழுங்கிணற்றில் இட்டுத் தானும் வீழ்ந்த கதை அது. கதைப்பாடலாகவும் நாடகமாகவும் அதனைக் கேட்டு அழுத தலைமுறைகள் பல. பெற்ற பிள்ளைகளைக் கொன்றவள் அவள். ஆயினும் அவளைக் கொலைகாரி என்று அழைக்க எந்தப் பாட்டிக்கும் நா எழுந்ததில்லை. சட்டம் படியாத மக்களின் மனம் இவ்வழக்கிலே முன்னமே ஒரு தீர்ப்பு எழுதிவிட்டது.

வியப்பு யாதெனில், அத்தீர்ப்பை ஒரு நீதிமன்றமும் எழுதியமையே. 1989ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த ஒரு வழக்கிலே, இல்லறத் துன்பம் தாங்காது தன் பிள்ளைகளுடன் கிணற்றில் வீழ்ந்து, தான் மாத்திரம் உயிர்தப்பிய ஒரு பெண்ணின் மேன்முறையீட்டைச் சென்னை உயர் நீதிமன்றம் விசாரித்தது. அப்பெண்ணின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. அவளுடைய மனநிலையை விளக்க நீதியரசர்கள் நல்லதங்காளையே துணைக்கு அழைத்தார்கள். நெடுங்காலம் தொடர்ந்த துன்பங்களின் திரட்சி, இறுதியில் ஓர் அற்ப நிகழ்ச்சியினால் உடைந்து பெருகுவதும் உண்டு. அதனையும் சட்டம் கணக்கிலெடுக்க வேண்டும் என்றனர். இதனைத் தொடர் ஆத்திரமூட்டல் எனலாம். சடுதியான ஆத்திரமூட்டல் என்னும் விதிவிலக்கினுள் இது நேராக அடங்காது என்பதையும், நீதிமன்றங்களே இதனைப் புதிதாகச் சேர்த்துக்கொண்டன என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. அந்நேர்மையைப் பாராட்ட வேண்டும். பின்னர் சென்னையிலும் பிற இடங்களிலும் உயர் நீதிமன்றங்கள் அத்தீர்ப்பை எடுத்தாண்டுள்ளன. இந்தியாவின் 1860ஆம் ஆண்டுச் சட்டம் 2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதுச் சட்டத்துக்கு இடம் விட்டது. ஆனால் அப்புதுச் சட்டத்திலும் ‘சடுதி’ என்னும் சொல் நீங்கவில்லை.

இங்கிலாந்திலும் ஏறத்தாழ இதே காலத்தில் இவ்வினா எழுந்தது. கிரண்ஜித் அலுவாலியா என்னும் பஞ்சாபிப் பெண் பத்தாண்டுகள் கணவனின் சித்திரவதைக்கு ஆளானவர். 1989ஆம் ஆண்டில் ஓரிரவு, அவன் உறங்கிக்கொண்டிருக்கும்போது தீயிட்டார், அவன் மாண்டான். கொலைக் குற்றவாளியெனக் காணப்பட்டு அவர் ஆயுள் தண்டனை பெற்றார். உறங்கும் மனிதனைக் கொன்றதிலே சடுதி எங்கே என்பதே கேள்வி. பெண்கள் அமைப்புகள் குரலெழுப்பின. 1992ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கொலைத் தீர்ப்பை நீக்கியது. ஆனால் ஆத்திரமூட்டல் என்ற காரணத்தால் அன்று. அவருடைய மனநலம் குன்றியிருந்தமைக்குப் புதிய சான்று கிடைத்தது என்ற காரணத்தால். அதாவது, அவர் விடுதலை பெறுவதற்குத் தாம் நோயாளி என்று காட்ட வேண்டியிருந்தது. நியாயமுள்ள ஒரு மனித உயிர் அந்நிலையில் என்ன செய்யும் என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. பின்னர் 2009ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பாராளுமன்றம் பழைய ஆத்திரமூட்டல் சட்டத்தையே நீக்கி, ‘கட்டுப்பாட்டை இழத்தல்’ என்னும் புது விதியை இயற்றியது. அவ்விழப்பு சடுதியாயிருக்க வேண்டியதில்லை என்று அது வெளிப்படையாகவே கூறுகிறது. பெருங்கொடுமைக்கு ஆளாவோம் என்ற அச்சமும் அதிலே ஒரு காரணமாக ஏற்கப்பட்டது.

நமது நாட்டில் எப்படி? சட்டக்கோவையின் சொற்கள் மாறவில்லை. எனினும் நீதியரசர்கள் அச்சொற்களைச் சிறிது சிறிதாக விரித்து வாசித்து வந்துள்ளனர். 2000ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் உள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பொன்று, படிப்படியாகத் திரண்ட ஆத்திரமூட்டலையும் கருத்திற் கொள்ளலாம் என்னும் போக்கை ஆராய்ந்து எழுதப்பட்டுள்ளது. மேலும், நமது கோவையில் ஓர் அரிய விதிவிலக்கும் உண்டு. பன்னிரண்டு மாதம் நிரம்பாத குழந்தையின் மரணத்துக்குத் தாய் காரணமானால், மகப்பேற்றினாலோ பாலூட்டலினாலோ அவள் சித்தம் சமநிலை இழந்திருந்தால், அதுவும் கொலையாகாது. பெண்ணின் மனத்தை ஆணின் அளவுகோலால் அளக்கலாகாது என்பதைச் சட்டம் ஓரிடத்திலேனும் ஒப்புக்கொண்டமைக்கு இது சான்று. ஆனால் அவ்விரக்கம் பன்னிரண்டாம் மாதத்தோடு முடிந்துவிடுகிறது. நல்லதங்காளின் மூத்த பிள்ளைக்கு அது எட்டாது.

மறுபக்கத்தையும் கூறாது விடல் நேர்மையன்று. சடுதி என்னும் வேலியைப் பிடுங்கிவிட்டால், அவ்வழியே நுழைபவர் நல்லதங்காள் மட்டுமல்லர். ஊரிலே தன் மானம் போயிற்றென்று பலநாள் கருவிக்கொண்டிருந்து மகளைக் கொன்ற தந்தையும் நுழைவான். தன்னை விட்டு நீங்கிய மனைவியைத் தேடிச் சென்று வெட்டியவனும், நெடுநாள் மனம் நொந்தேன் என்று கண்ணீர் வடிப்பான். பத்தாண்டு எல்லைத் தகராற்றில் அயலவனைக் கொன்றவனும், வேலிக் கதியாலைக் காட்டிக் கணக்குக் கூறுவான். உள்ளம் கொதித்தது என்பதே போதுமானால், கொதிக்காத உள்ளத்தோடு கொலை செய்பவர் எத்தனைபேர்? மாண்டவனுக்கும் தாய் உண்டு. அவன் சொல்லக்கூடிய நியாயத்தைச் சொல்ல அவனுக்கு இனி வாயில்லை.

ஆகவே கோட்டை எங்கே இடுவது? எத்தனை மணிநேரம் கழிந்தது என்பதை மாத்திரம் எண்ணுவது போதாது. அந்நேரம் அம்மனிதனுள் எதனை வளர்த்தது என்பதை வினவவேண்டும் என்பதே என் துணிபு. நானாவதியின் மூன்று மணிநேரம் ஒரு திட்டத்தை வளர்த்தது. கத்தி தீட்டிய கமக்காரனின் பகற்பொழுது பழியை வளர்த்தது. அடிபட்ட பெண்ணின் பத்தாண்டோ அச்சத்தை வளர்த்தது. பழிவாங்கும் எண்ணத்துக்குச் சலுகை கூடாது. தப்ப வழியற்ற அச்சத்துக்குச் சலுகை வேண்டும். இங்கிலாந்தின் 2009ஆம் ஆண்டுச் சட்டமும் ஏறத்தாழ இக்கோட்டையே இட்டிருக்கிறது. ஆய்ந்தமைந்த பழியுணர்ச்சியோடு செய்த செயலுக்கு அதில் இடமில்லை. துணையின் ஒழுக்கப் பிழையைத் தனிக் காரணமாகக் காட்டவும் முடியாது. கற்பழிந்தாள் என்று கூறிக் கொன்றவனுக்கு நெடுங்காலம் இரங்கிய சட்டம், அடிபட்டு அடிபட்டு உடைந்தவளுக்கு இரங்க மறுத்தது என்ற பழி அங்கே ஒருவாறு துடைக்கப்பட்டது. நமது கோவையும் திருத்தப்படுமாயின் இவ்வழியே திருத்தப்படுதல் நன்று. ‘சடுதி’ என்ற சொல் நீங்குவதால் கொலைகாரர் தப்புவர் என்று அஞ்சவேண்டியதில்லை. ‘பழி’ என்ற சொல்லை வாயிற்காவலாக நிறுத்தினாற் போதும்.

சட்டம் திருந்தும்வரை நாம் என் செய்வது? சட்டம் எத்துணைச் சிறந்ததாயினும் பிணம் வீழ்ந்த பின்னரே அது வீட்டுக்குள் நுழைகின்றது. அதற்கு முன்னர் நுழையவேண்டியவர்கள் நாம்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. அடிபடும் பெண் நீதவான் நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்; அவள் சார்பிற் பொலிஸாரும் கேட்கலாம். நிலைமை அவசரமாயின் 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளையும், விசாரணையின் பின் 12 மாதங்கள்வரை கட்டளையும் பெறலாம். அடித்தவனை வீட்டினுள் நுழையாது தடுக்கவும் அதனால் இயலும். 1938 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தாற் பெண்களுக்கான அரசின் உதவிச் சேவை கிடைக்கும். உயிரை மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாக்கும் பிரிவு 1998ஆம் ஆண்டிலேயே நமது கோவையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. ஆதலால், தாங்கமுடியாத துயரத்தில் அத்தகைய எண்ணம் வந்தவர், வைத்தியசாலைக்குச் செல்லப் பொலிஸுக்கு அஞ்சவேண்டியதில்லை. இவற்றை நாம் அறிந்திருப்பது மாத்திரம் போதாது. அயல்வீட்டாரும் அறியச் செய்யவேண்டும்.

வன்னிப் பெருநிலத்தில் வீடுகள் ஒன்றுக்கொன்று எட்ட எட்ட அமைந்திருப்பன. ஒரு வளவில் எழும் அழுகுரல் மறுவளவுக்கு எட்டும்போது காற்றிலே தேய்ந்துவிடும். தேயாமல் எட்டினாலும், ‘புருஷன் பெண்சாதிச் சண்டையில் நாம் தலையிடலாமா?’ என்று நாம் விளக்கைத் தணித்துவிடுகிறோம். 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் இம்மண்ணிற் பல குடும்பங்கள் தனித்த பெண்களின் தோளிலேயே நிற்கின்றன. அவர்களுட் சிலர்க்குத் தாய்வீடு என்பதே இல்லை. அண்ணன் தம்பி எவரும் இல்லை. மணமான பெண் அழுதுகொண்டு வரும்போது, ‘பொறுத்துப்போ பிள்ளை, நாளைக்குச் சரியாகிவிடும்’ என்று சொல்லித் திருப்பி அனுப்பும் தாய்தந்தையரும் உளர். அவர்கள் கொடியவர் அல்லர், ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியவர். ஆனால் திரும்பிச் செல்லும் அப்பெண்ணின் சுமையில் அவர்களும் ஒரு கல்லை ஏற்றிவிடுகிறார்கள்.

ஆண்பிள்ளைகளை வளர்ப்போர்க்கும் ஒரு சொல். சடுதியான சினத்துக்குச் சட்டம் காட்டும் இரக்கம் பத்து, இருபது ஆண்டுச் சிறையே. மண்வெட்டியை வரம்பிலே எறிந்துவிட்டு வீடு திரும்பியவனைக் கோழை என்று ஊர் ஒருநாள் கூறும், மறுநாள் மறந்துவிடும். அவன் பிள்ளைகளோ அவனை மறவார். அவன் அவர்களோடு இருப்பான். இதனைப் பையன்களுக்குப் பள்ளியிலும் வீட்டிலும் திரும்பத் திரும்பக் கூறவேண்டும். சினத்தை விழுங்குவதும் வீரமே.

நல்லதங்காள் கதையிலே நீதிமன்றம் இல்லை, பொலிஸார் இல்லை, தண்டனைச் சட்டக்கோவை இல்லை. இருந்தது ஒரு கதவு. அது பசித்து வந்தவளின் முகத்துக்கு எதிரே அடைக்கப்பட்டது. அக்கதவு அன்று திறந்திருந்தால் ஏழு பிள்ளைகளும் சோறுண்டு உறங்கியிருப்பர். பாடுவதற்கு ஒரு கதையும் இருந்திராது. இன்றிரவு நம் வாயிலை எவரேனும் தட்டினால், நேரமென்ன என்று பாராது எழுந்து திறப்போமாக.